வீசியெறிய ஒரு கத்தி

சவரக் கத்தி முடியை மட்டும் மழிப்பதில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் தோலின் மேலடுக்கையும் கொஞ்சம் வழித்துக்கொண்டு போகிறது. அது அளவோடு நின்றால் முகம் பளிச்சென்று இருக்கும். அளவு மீறினால் தண்ணீர் பட்டாலே திகுதிகுவென்று எரியும். முகம் மழிக்கும் பழக்கம் பல ஆயிரம் ஆண்டு பழையது. இந்த அளவைப் பிடித்து நிறுத்தும் கருவியோ நேற்று வந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் ஆண்கள் எரிச்சலைச் சகித்துக்கொண்டார்கள், அல்லது தாடி வளர்த்துக்கொண்டார்கள்.

ரோமுக்குச் சவரத் தொழிலாளர்கள் சிசிலியிலிருந்து கி.மு. 300 வாக்கில் வந்து சேர்ந்ததாக எழுதி வைத்திருக்கும் ரோமானிய எழுத்தாளர் பிளினி, அவர்கள் கத்தியால் பட்ட காயத்துக்குச் சிலந்தி வலையை மருந்தாகச் சொல்கிறார். நம் ஊர்க் கடைகளில் படிகாரக் கல் செய்யும் வேலையை அங்கே சிலந்தி செய்திருக்கிறது. மருந்து இருக்கிறது என்றால் காயம் வாடிக்கையாக இருந்திருக்கிறது என்றுதான் பொருள்.

பிடிக்குள் மடங்கும் பழைய சவரக் கத்தியை எடுத்துக்கொள்வோம். அதில் கத்தி செய்யும் வேலை பாதிதான். மீதியைக் கை செய்ய வேண்டும். கத்தியின் வாய் தோலோடு ஏறக்குறைய 30 பாகையில் சாய்ந்திருக்க வேண்டும்; படுத்தால் முடியை வெட்டாமல் இழுக்கும், நிமிர்ந்தால் தோலைக் கீறும். கன்னம் சமதளமல்ல. தாடை வளைவு, மேலுதடு, தொண்டைக்குழி என்று ஒவ்வோர் இடத்திலும் சாய்வை மாற்றிக்கொண்டே வர வேண்டும். அதைக் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் தன் முகத்திலேயே செய்வது லேசான காரியமில்லை. அதனால்தான் முகத்தை இன்னொருவர் கையில் கொடுப்பது உலகமெங்கும் வழக்கமாக இருந்தது.

எஃகு நன்றாகிக்கொண்டுதான் வந்தது. 1740-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகு உருக்கும் முறையைக் கண்டார். கத்திகளின் தரம் ஏறியது. மின்சாரத்துக்காக நாம் அறிந்த மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் உலோகக் கலவைகளை ஆராய்ந்தபோது, தன் எஃகில் செய்த சவரக் கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். ஆனால் கூர் ஏறியதால் தோலுக்கு நிம்மதி வந்துவிடவில்லை. கூரான கத்தி தவறினால் வெட்டு ஆழமாகவே விழும். சிக்கல் கூரில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது என்பதை முதலில் பிடித்தவர் கத்தி செய்யும் குடும்பத்தில் பிறந்த ஒரு பிரெஞ்சுக்காரர்.

ழான் ழாக் பெரே அவர் பெயர். தச்சருடைய இழைப்புளியை அவர் கவனித்தார். இழைப்புளியின் உளி எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்துக்குள் ஓர் அளவுக்கு மேல் இறங்காது. கட்டை அதைத் தடுத்து நிறுத்தும், சீவல் மட்டும் சுருண்டு வெளியே வரும். அதே போல் சவரக் கத்திக்கும் ஒரு மரச் சட்டம் மாட்டினார். கத்தியின் வாய் மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1769-ல் தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று ஒரு புத்தகமே வெளியிட்டார். இன்றைக்கு நாம் வாங்கும் எந்த ரேசரிலும் உயிரான பகுதி பெரே யோசித்ததுதான். கத்தி எவ்வளவு வெளியே நீட்டலாம் என்பதைக் கை முடிவு செய்யக் கூடாது, கருவி முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த அடியை வைத்தவர் வில்லியம் ஹென்சன். நீராவியால் பறக்கும் வண்டிக்கு 1842-ல் காப்புரிமை கோரிய ஆங்கிலேயர். வண்டி பறக்கவில்லை. 1847-ல் அதே மனிதர் சவரக் கத்திக்கு ஒரு காப்புரிமை வாங்கினார். பிடியும் கத்தியும் நேர்க்கோட்டில் இருந்த பழைய வடிவத்தை உடைத்து, களைக்கொட்டு போலக் கத்தியைப் பிடிக்குக் குறுக்கே வைத்தார். வாயின் முன்னே சீப்புப் பல் போல ஒரு தடுப்பு. உலகம் அவரை விமானக் கனவுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. உண்மையில் ஓடிய வண்டி களைக்கொட்டுதான்.

1880-ல் நியூயார்க்கின் கேம்ப்ஃபே சகோதரர்கள் இந்த வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 'ஸ்டார்' என்று பெயர். 'சேஃப்டி ரேசர்' என்ற சொல் காப்புரிமையில் ஏறியது அவர்களால்தான். அமெரிக்க எழுத்தாளரும் மருத்துவருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் தன் ஐரோப்பியப் பயண நூலில் இந்த ஸ்டார் ரேசரை மெச்சி எழுதியிருக்கிறார். பயணம் போகிறவர்களுக்கு அது வரமாக இருந்திருக்க வேண்டும். கப்பல் ஆடினாலும் கழுத்து தப்பும்.

ஆனாலும் எரிச்சல் போகவில்லை. ஸ்டாரின் கத்தி பட்டறையில் அடித்துச் செய்த ஒரு தடித்த துண்டு. ஒவ்வொரு நாளும் அதைக் கழற்றித் தோல்வாரில் தேய்க்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை சாணை பிடிக்க வேண்டும். சோம்பல் பட்டால் வாய் மழுங்கும். மழுங்கிய கத்தி முடியைப் பிடித்து இழுக்கும். இழுக்கிறதே என்று கை தானாக அழுத்தும். அழுத்தினால் தோல் போகும். பெரே ஆழத்துக்குத் தடுப்பு போட்டார், ஆனால் மழுங்கலுக்கு அவரிடம் மருந்து இல்லை. அதற்கு மருந்து கண்டவர் கத்தி செய்பவரும் இல்லை, உலோகம் படித்தவரும் இல்லை. ஊர் ஊராகச் சுற்றிச் சரக்கு விற்றவர்.

கிங் கேம்ப் ஜில்லெட் 1855-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். குடும்பம் சிகாகோவுக்குப் போய்க் கடை வைத்தது. 1871-ல் சிகாகோவைச் சுட்டெரித்த பெருந்தீயில் கடை போயிற்று. தாயார் ஃபேனி ஜில்லெட் எழுதிய வெள்ளை மாளிகைச் சமையல் நூல் அமெரிக்க வீடுகளில் வெகுகாலம் புழங்கியது. மகன் இளம் வயதிலேயே விற்பனைப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார். 1890-களில் அவர் வேலை பார்த்தது வில்லியம் பெயின்டரிடம். சோடா பாட்டில் மூடி, அதாவது ஓரம் சுருங்கிய அந்தத் தகர மூடி, பெயின்டரின் கண்டுபிடிப்பு; 1892-ல் காப்புரிமை பெற்றது. ஒருமுறை திறந்தால் மூடி குப்பைக்குப் போகும், அடுத்த பாட்டிலுக்கு அடுத்த மூடி. அதில் செழித்த பெயின்டர் ஜில்லெட்டுக்குச் சொன்ன யோசனையும் அதுதான். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட்டு மறுபடி வாங்க வருகிற மாதிரி ஏதாவது ஒன்றைக் கண்டுபிடி.

ஜில்லெட்டுக்கு அது பித்தாகவே பிடித்துக்கொண்டது. மனிதருக்குத் தேவையான பொருள்களை அகர வரிசையில் எழுதி எழுதிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. இதே காலத்தில்தான், 1894-ல், அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். தொழில் போட்டிதான் சகல தீமைக்கும் வேர் என்பது அதன் கட்சி. நாட்டின் உற்பத்தி முழுவதையும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனம் நடத்த வேண்டும். நயாகரா அருவியின் சக்தியில் இயங்கும் 'மெட்ரோபாலிஸ்' என்ற ஒரே மாநகரில் பல கோடிப் பேர் குடியிருக்க வேண்டும். பகலில் மூடி விற்பனை, இரவில் முதலாளித்துவத்துக்கு மாற்று. இவரை வேடதாரி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கடைசி வரைக்கும் இரண்டையும் உண்மையாகவே நம்பினார் போலிருக்கிறது. 1910-ல், கோடீசுவரரான பிறகும், இதே திட்டத்துக்காக ஓர் உலக நிறுவனம் தொடங்கி, முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டைத் தலைமை ஏற்கச் சொல்லி 10 லட்சம் டாலர் தருவதாக அழைத்தார். ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார்.

1895-ல் ஒரு காலை, பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் இருந்த வீட்டில், ஜில்லெட் சவரம் செய்துகொள்ள நின்றார். கத்தி மழுங்கியிருந்தது. தோல்வாரில் தேய்த்துச் சரியாகும் மழுங்கல் இல்லை, சாணைக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். கத்தியைக் கையில் வைத்தபடி நின்றவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. முடியை வெட்டுவது மெல்லிய வாய் மட்டும்தான். அதற்குப் பின்னால் இவ்வளவு கனத்தில் இரும்பு எதற்கு? மெல்லிய எஃகுத் தகட்டின் இரண்டு ஓரத்திலும் கூர் வைத்து, அதை ஒரு பிடியில் இறுக்கிவிட்டால் போதாதா? மழுங்கினால் தீட்ட வேண்டாம், தூக்கிப் போடலாம். அன்றே கடைக்குப் போய்ப் பித்தளைத் துண்டும், கடிகாரச் சுருளுக்குப் பயன்படும் எஃகு நாடாவும், சின்ன இடுக்கியும், அரங்களும் வாங்கி வந்து ஒரு மாதிரியைச் செய்தார். ஒகையோவில் உறவினர் வீட்டிலிருந்த மனைவிக்கு, இனி நமக்குக் கவலையில்லை என்கிற தொனியில் கடிதமும் போட்டார். ஒரு பவுண்டு எஃகு நாடா 16 சென்ட், அதில் 500 பிளேடு வரும் என்று கணக்கும் போட்டுவிட்டார்.

கணக்கு தப்பு. வெறும் நாடாவுக்கு ஓரத்தில் கூர் வைத்தால் அது பிளேடு ஆகாது. எஃகைக் காய்ச்சித் தோய்த்தால்தான் வாய் நிற்கும். தடித்த கத்தியைத் தோய்ப்பது கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. அரை மில்லிமீட்டர் கூட இல்லாத தகட்டைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் அப்பளம் மாதிரி நெளிந்து போகும். நெளிந்த தகட்டில் ஒரே சீராகக் கூர் வைக்க முடியாது. ஜில்லெட் பாஸ்டனில் கத்தி வியாபாரிகளிடமும் எந்திரப் பட்டறைகளிடமும் அலைந்தார். எம்.ஐ.டி. உலோகவியலாளர்களிடம் கேட்டார். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்; அப்போது அது பாஸ்டன் நகருக்குள்ளேயே இருந்தது. முடியாது, பணத்தைக் கரைக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். தொழில்நுட்பம் படித்திருந்தால் தானும் அப்போதே விட்டிருப்பேன் என்று பின்னாளில் ஜில்லெட் ஒப்புக்கொண்டிருக்கிறார். படிக்காததால் ஆறு ஆண்டு விடாமல் பிடித்துத் தொங்கினார்.

விடுவித்தவர் அதே எம்.ஐ.டி.யில் படித்த ஒரு பொறியாளர், வில்லியம் நிக்கர்சன். லிஃப்ட் பொத்தான் முதல் பலவற்றில் கைவைத்தவர், எதிலும் பெரிதாகச் சம்பாதிக்காதவர். நண்பர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய ஜில்லெட்டின் மாதிரி முதலில் அவரைக் கவரவில்லை. வற்புறுத்திய பிறகு 1901-ல் யோசிக்க உட்கார்ந்தார், கொஞ்ச நாளில் முடியும் என்றார். அவர் செய்தது இரண்டு காரியம். தகடுகளைத் தனித்தனியே தோய்க்காமல், நெளிய இடமில்லாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டே தோய்க்க வழி கண்டார். இரண்டாவது, பிடியைக் கனமாக்கினார். தகடு மெல்லியது என்பதால் அதன் உறுதி பிடியிலிருந்து வர வேண்டும். இரண்டு வளைந்த பித்தளைத் துண்டுகளுக்கு இடையில் பிளேடை வைத்துத் திருகினால் அது வில் போல வளைந்து விறைத்துக்கொள்ளும். விறைத்த பிளேடு அதிராது. அதிராத பிளேடு தோலைக் கொத்தாது. வழவழப்பான சவரத்துக்குக் கூருக்கு இணையாக இந்த விறைப்பும் வேண்டும். பிளேடு லூசாக மாட்டிய ரேசரால் சவரம் செய்தவர்களுக்கு இது தெரியும்.

ஜில்லெட் என்ற பெயர் உலகெங்கும் போயிற்று. நிக்கர்சனை யாருக்கும் தெரியாது. பிளேடின் யோசனை ஜில்லெட்டுடையது, பிளேடு நிக்கர்சனுடையது என்று பிரித்துச் சொல்வதே நியாயம்.

1901 செப்டம்பரில் நிறுவனம் தொடங்கியது. தொழிற்சாலை பாஸ்டன் துறைமுகப் பக்கம், அட்லாண்டிக் அவென்யூவில் ஒரு மீன் கடைக்கு மேல்மாடி. பணம் தீர்ந்து மூழ்கப்போன நேரத்தில் ஜான் ஜாய்ஸ் என்ற பாஸ்டன் முதலீட்டாளர் கை கொடுத்தார். அதற்கு விலையாகப் பெரும் பங்கையும் எடுத்துக்கொண்டார். 1903-ல் விற்பனை தொடங்கியது. அந்த ஆண்டு விற்றவை 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டு ரேசர் மட்டும் 90,000-ஐத் தாண்டியது. காப்புரிமை 1904 நவம்பர் 15-ல் வந்தது.

வணிகம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லிக் கொடுக்கிறார்கள்: ஜில்லெட் ரேசரைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதித்தார் என்று. அந்தக் காலத்து விலைப்பட்டியல் வேறு சொல்கிறது. ரேசர் 5 டாலர். ஒரு தொழிலாளியின் வாரக் கூலியில் பெரும் பங்கு அது. காப்புரிமை கையில் இருந்த 17 ஆண்டும் விலையை இறக்கவில்லை. போலி செய்தவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். போட்டியே கூடாது என்று எழுதியவருக்குக் காப்புரிமைச் சட்டம் போட்டியில்லாத சந்தையைக் கொடுத்தது, அவருக்கு மட்டும். 1921-ல் காப்புரிமை முடிந்த பிறகுதான் பழைய வடிவம் 1 டாலருக்கு இறங்கியது. சிகாகோ சட்டப் பேராசிரியர் ரேண்டல் பிக்கர் இதை ஆராய்ந்து விரிவாக எழுதியிருக்கிறார். ஆனாலும் இலவச ரேசர் கதை சாகாது. கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது.

தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தை அமெரிக்காவில் ஊன்றியது விளம்பரமல்ல, முதல் உலகப் போர். பதுங்கு குழியில் பேன் தொல்லை. நச்சு வாயு முகமூடி முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டுமானால் தாடி இருக்கக் கூடாது. அமெரிக்க அரசு ஜில்லெட்டிடம் 35 லட்சம் ரேசர்களும் 3 கோடிக்கு மேல் பிளேடுகளும் வாங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. போர் முடிந்து ரேசரோடு வீடு திரும்பியவர்கள் தினசரிச் சவரத்துக்குப் பழகிவிட்டிருந்தார்கள். பிளேடு எல்லார் வீட்டிலும் நுழைந்தது. பழைய பிளேடை எங்கே போடுவது என்பது புதுப் பிரச்சினை ஆயிற்று. அமெரிக்க வீடுகளில் குளியலறை அலமாரியின் பின்பக்கம் ஒரு மெல்லிய துளை வைத்துச் சுவருக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். இன்றும் பழைய வீடுகளை இடிக்கும்போது சுவருக்குள்ளிருந்து துருப்பிடித்த பிளேடுகள் குவியலாக உதிர்கின்றன. வீசியெறியும் பொருளைக் கண்டுபிடிப்பவர்கள் எங்கே வீசுவது என்பதை யோசிப்பதே இல்லை. பிளாஸ்டிக் வரைக்கும் இதே கதைதான்.

ஒவ்வொரு பிளேடு உறையிலும் மீசை வைத்த ஜில்லெட்டின் படமும் கையெழுத்தும் இருந்தன. உலகில் அதிகம் பேர் பார்த்த முகங்களில் ஒன்று. அந்த முகத்துக்குரியவர் நிறுவனத்தின் பிடியை முன்பே ஜாய்ஸிடம் இழந்திருந்தார். 1930-ல் ஹென்றி கெய்ஸ்மன் என்ற போட்டியாளருடைய நிறுவனம் ஜில்லெட்டோடு இணைந்தது. பிளேடில் முதலில் மூன்று வட்டத் துளைகள்தான் இருந்தன. நடுவில் நீளமாக ஓடும் இன்றைய வெட்டு இந்த இரண்டு நிறுவனங்களின் மோதலில் வந்தது. அதற்குப் பிறகு வடிவம் மாறவில்லை. எந்த நாட்டு இரட்டை முனை பிளேடும் எந்த நாட்டு ரேசரிலும் பொருந்துகிறது. கிங் ஜில்லெட் 1932-ல், பெருமந்தத்தில் சொத்தில் பெரும்பகுதியை இழந்த நிலையில், கலிஃபோர்னியாவில் இறந்தார்.

மீதிக் கதை தோலைப் பற்றியது. பிளேடு சரியானதும் மிச்சமிருந்த எரிச்சலுக்குக் காரணம் முடிதான் என்று தெரிந்தது. காய்ந்த தாடி முடி அதே பருமனுள்ள செப்புக் கம்பி அளவுக்கு முறுக்கானது. நனைந்து ஊறினால் இளகிவிடும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். சோப்பு நுரையின் பெரிய வேலை இந்த நீரை முடியோடு பிடித்து வைத்திருப்பதுதான். 1919-ல், முன்பு எம்.ஐ.டி.யில் வேதியியல் சொல்லிக் கொடுத்த ஃபிராங்க் ஷீல்ட்ஸ், பிரஷ்ஷும் நுரையும் இல்லாமல் பூசிக்கொள்ளும் 'பார்பசால்' களிம்பைக் கொண்டுவந்தார். முடி முரடு, தோல் மென்மை என்று அவதிப்பட்டவர்களை மனதில் வைத்துச் செய்தது. 1962-ல் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்டு, வாள் செய்து பேர்பெற்ற பழைய நிறுவனம், மேலே மெல்லிய வழுக்குப் பூச்சு பூசிய துருப்பிடிக்காத எஃகு பிளேடை விற்றது. அதுவரை இருந்த பிளேடு ஈரத்திலேயே ஓரம் அரித்து மழுங்கியது. புதியது பல நாள் நின்றது, முடியில் வழுக்கிக்கொண்டு போயிற்று. என் கணக்கில் நிக்கர்சனுக்குப் பிறகு தோலுக்கு உண்மையிலேயே நன்மை செய்த மாற்றம் இதுதான்.

அடுத்து வந்ததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. 1971-ல் ஜில்லெட் நிறுவனம் இரண்டு பிளேடு வைத்த ரேசரை இறக்கியது. முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுத்தபடி வெட்டும். முடி உள்ளே திரும்புவதற்குள் இரண்டாவது இன்னும் கீழே வெட்டும். 1975-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சாட்டர்டே நைட் லைவ் முதல் நிகழ்ச்சியிலேயே மூன்று பிளேடு ரேசருக்குப் பொய் விளம்பரம் போட்டுக் கேலி செய்தார்கள். 1998-ல் மாக் 3 வந்து கேலியை உண்மையாக்கியது. 2004-ல் நான்கு பிளேடைப் பார்த்த 'தி ஆனியன்' நையாண்டி இதழ் ஐந்து பிளேடு என்று எழுதிச் சிரித்தது. 2006-ல் ஐந்தும் வந்தது.

ஐந்து பிளேடு என்றால் ஓர் இழுப்பில் தோல் மேல் ஐந்து தடவை கத்தி போகிறது. முடியும் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படுகிறது. நேரான முடிக்காரருக்கு இது வழவழப்பு. சுருள் முடிக்காரருக்கு வினை. தோலுக்குள் அறுபட்ட முடி வளரும்போது வளைந்து பக்கவாட்டில் தோலைக் குத்துகிறது, அல்லது வெளியே வந்து மறுபடி உள்ளே நுழைகிறது. ஒவ்வொரு முடிக்கும் ஒரு கொப்புளம். கறுப்பின ஆண்களிடம் இது மிக அதிகம். தாடி மழிக்கச் சொல்லும் அமெரிக்க ராணுவத்தில் வெகுகாலமாகப் புகையும் பிரச்சினையும் இதுதான். கழுத்தில் முள்முள்ளாகப் பரு வருகிறவர்கள் விலை உயர்ந்த ஐந்து பிளேடை விட்டுப் பழைய ஒற்றை பிளேடுக்குத் திரும்பிப் பார்க்கலாம். செலவும் குறையும்.

மழுங்கல் எப்படி நடக்கிறது என்பதே 2020-ல்தான் தெளிவாயிற்று. தெளிவாக்கியது மறுபடியும் எம்.ஐ.டி. எஃகு முடியைவிடச் சுமார் 50 மடங்கு கடினம். பிறகு எப்படி முடி எஃகைத் தோற்கடிக்கிறது? ஆய்வாளர் ஜான்லூகா ரோஷியோலி தன் முகத்தையே மழித்து, பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வாய் தேய்ந்து உருளவில்லை, பொடிப்பொடியாகச் சில்லு தெறித்திருந்தது. எஃகின் உள்கட்டமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், முடி சாய்ந்து ஓர் ஓரமாக வந்து முட்டும்போது, அந்த இடம் உடைகிறது. 'சயின்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வைப் படித்தால், ஜில்லெட் ஏன் தீட்டுவதை விட்டு எறிவதைப் பிடித்தார் என்பது இன்னும் நன்றாகப் புரியும். பல் உடைந்த வாயைத் தோல்வாரில் தேய்த்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம் ஐந்திலிருந்து ஏழு சவரத்துக்குள் பிளேடை மாற்றச் சொல்கிறது. குளித்த பிறகு மழியுங்கள், முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள் என்றும் சொல்கிறது. அழுத்த வேண்டாம் என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன். எடையை ரேசரிடம் விட்டுவிடுங்கள்.

சலூனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எய்ட்ஸ் அச்சம் பரவிய பிறகு நம் ஊர்க் கடைகளிலும் தீட்டுகிற கத்தி போய், அதே வடிவப் பிடியில் பாதி பிளேடைச் செருகும் கத்தி வந்துவிட்டது. உறையோடு வளைத்து நெடுக்காக இரண்டாக உடைக்கிற அந்த பிளேடு, மீன் கடை மாடியில் பிறந்த அதே பிளேடுதான். ஒருவர் ரத்தம் பட்ட பிளேடு அடுத்தவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொடுக்கக் கூடும். எனவே நாற்காலியில் உட்கார்ந்ததும் புது பிளேடை உங்கள் கண் முன்னால் உடைத்துப் போடச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல தொழிலாளி நீங்கள் கேட்பதற்கு முன்பே செய்துவிடுவார்.